வாசலில் ஓர் இலக்கம் அடிப்போம்



போன தவணை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்முனைக் கடற்கரைப் பக்கம் எங்கட வீடு. முன்கதவு நிலையில் ஒரு பலகைத் துண்டு அடித்திருக்கிறது. அதில் வெள்ளைப் பெயின்டில் வீட்டு இலக்கம். உடைந்த தோணியின் பலகை அது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு எங்கள் தெருவில் மிஞ்சியது கிணறுகளும் அத்திவாரங்களும்தான். பதிவுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது வீட்டு இலக்கத்தை. வாப்பா, ஒதுங்கிக் கிடந்த அந்தப் பலகையை எடுத்து, பழைய இலக்கத்தை எழுதி, கிணற்றுக் கட்டில் கட்டிவிட்டார். வீடு இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஒரு குடும்பம் இருந்தது என்று சொல்ல இலக்கம் இருந்தது. பிறகு வீடு எழும்பியதும் பலகை வாசலுக்கு வந்தது.

விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்பினேன். நான் படிப்பிக்கிற தோட்டத்தில் எந்தக் கதவிலும் இலக்கம் இல்லை. மேட்டு லயம், பணிய லயம், தொங்கல் வீடு என்றுதான் அடையாளம். விலாசம் என்று எழுதினால் பெயர், டிவிசன், தோட்டம். அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கைமாறி வரவேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று வீடு சுற்றும். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்திக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகே கைக்குக் கிடைத்தது. யாருடைய தவறு என்று கேட்டோம். ஒருவர் மற்றவரைக் காட்டினார். பிள்ளை இப்போது கொழும்பில் கடையில் நிற்கிறாள்.

நமக்கு இலக்கமே கிடையாது என்று சொல்லமுடியாது. செக்ரோலில் இலக்கம் உண்டு. பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கு உண்டு. வேலை வாங்குவதற்கு நம்மை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, நாம் குடியிருக்கும் வாசலை எண்ணத் தோன்றவில்லை.

இதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் வேலை செய்யமுடியாது என்று சபைகள் கைவிரித்தன. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இன்னும் பழைய பதிலையே சொன்னால் நாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அதுவரை சும்மா இருப்பதா? வேண்டாம். நம் கையில் இருக்கிற பொருளே போதும். கழற்றிப்போட்ட கூரைத் தகரம், பெயின்ட் டின் மூடி, உடைந்த மேசைப் பலகை, எதுவானாலும் சரி. தகரத்தின் ஓரத்தை மடித்துத் தட்டிவிடுங்கள், பிள்ளைகளின் கையை வெட்டாது. அஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டை மட்டும் அறுக்கவேண்டாம். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பூச்சிமருந்து டின்னும் வேண்டாம்.

பழைய எக்ஸ்ரே படத்தில் எழுத்தை வெட்டி அச்சாக வைத்தால் எல்லா இலக்கமும் ஒரே அளவில் வரும். நான்கு அங்குல உயரமாவது இருக்கட்டும். வெள்ளையில் கறுப்பு தூரத்துக்கும் தெரியும். கதவில் அடிக்காதீர்கள், திறந்து வைத்தால் மறைந்துவிடும். நிலையில், கண் உயரத்தில், இரண்டு திருகாணி போடுங்கள். பின்னால் பழைய செருப்பு ரப்பர் துண்டு வைத்தால் மழைத் தண்ணீர் தங்காது, தகரம் துருப்பிடிக்க நாளெடுக்கும்.

இலக்கம் போடும் முறை முக்கியம். மூன்றாம் லயத்தின் ஏழாவது வீடு 3/7. பாதைப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதுகோடு முதுகான லயமென்றால் முன்பக்கம் ஒற்றை, பின்பக்கம் இரட்டை. பெயின்ட் தொடுவதற்கு முன்னர் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடமும் தபால் அதிபரிடமும் காட்டிவிடுங்கள். நாளை வேறோர் இலக்கம் வந்து குழப்பம் வரக்கூடாது.

"தகரத்தில் நம்பர் எழுதினால் வீடு நமக்குச் சொந்தமாகுமா?" என்று கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். ஆகாது. காணி உறுதிக்கான போராட்டம் வேறு, அதை ஒரு நாளும் விடமாட்டோம். ஆனால் இராத்திரியில் பிரசவ வலி வந்து 1990க்கு அழைத்தால், அம்புலன்ஸ்காரர் கேட்பது உறுதியை அல்ல, எந்த வீடு என்பதைத்தான். சாரதி டோர்ச் அடித்துப் பார்க்க ஒரு இலக்கம் வேண்டும்.

நாம் எழுதுகிற இலக்கம் சபையின் புத்தகத்தில் ஏறாவிட்டால் அது வெறும் பெயின்ட்தான். வாப்பாவின் பலகைக்கு மதிப்பு வந்தது, அதே இலக்கம் பதிவிலும் இருந்தபடியால். ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கோரிக்கையை எழுத்தில் கொடுக்கவேண்டும்: லயப் பாதைக்குப் பெயர், வீட்டுக்கு வீடு பதிந்த இலக்கம், தபால்காரர் வாசல்வரை கடிதம் கொண்டுவருதல். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பவேண்டாம்.

அடுத்த சம்பள ஞாயிறு எங்கள் பாடசாலை முற்றத்தில் தொடங்குகிறோம். பெயின்ட் சங்கத்தின் செலவு. தகரமும் சுத்தியலும் நீங்கள் கொண்டுவாருங்கள். எழுத்தைப் பிள்ளைகள் எழுதட்டும். நாளைக்கு அந்த விலாசத்துக்குக் கடிதம் வரப்போவது அவர்களுக்குத்தானே.