அமைதியான பையனை நினைத்துத்தான் எனக்குக் கவலை

சிங்கப்பூரின் பூன் லேயில் என்னிடம் தமிழ்த் துணைப்பாடம் படிக்க வரும் பையன்களின் கட்டுரைகளில் கண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. கண்கள் குளமாகும், துக்கம் தொண்டையை அடைக்கும், நெஞ்சு படபடக்கும். மதிப்பெண் வாங்கித் தரும் தொடர்கள் என்று தொடக்கப்பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நானும்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒருவனிடம், “உனக்கு எப்பவாவது இப்படித் தொண்டை அடைச்சிருக்காப்பா?” என்று கேட்டேன். “அதெல்லாம் கட்டுரைக்குத்தான் டீச்சர்” என்றான். அவனுடைய தாத்தா இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அம்மாக்களிடம் பேசும்போது அடிக்கடி ஒரு பேச்சு வரும். “அவன் ரொம்ப அமைதி டீச்சர். ஸ்கூல் விட்டு வந்தா ரூமுக்குள்ள போயிடுவான். எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல.” சொல்லும்போது முகத்தில் நிம்மதி தெரியும். அதே வீட்டில் மகள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அறைக்குள் இருந்தால், மூன்றாம் நாள் அம்மா கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதியபடி என்ன ஏது என்று கேட்பார். மகன் இரண்டு மாதம் அப்படி இருந்தாலும், ‘வயசு அப்படி’ என்று விட்டுவிடுகிறோம். வகுப்பில் சத்தம் போடுகிறவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவனை எல்லாரும் கவனிக்கிறார்கள். வாயைத் திறக்காமல் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறானே, அவனை நினைத்துத்தான் கவலை.

இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலை 19 மறக்காது. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பூன் லே அவென்யூவில் உள்ள ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியின் கழிப்பறையில் 13 வயது மாணவன் ஒருவன் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டான். வெட்டியவனுக்கு 16 வயது, அதே பள்ளி. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. வெட்டியவன் 2019ஆம் ஆண்டிலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மனநலக் கழகத்தில் பரிசோதிக்கப்பட்டவன் என்று பிறகு தெரியவந்தது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவனுக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவனுக்கு மனச்சோர்வு நோய் இருந்ததைக் கருத்தில் கொண்டு, கொலைக் குற்றச்சாட்டு அதற்கு முன்பே குறைக்கப்பட்டிருந்தது.

நோயைச் சொல்லி அந்தச் சாவைச் சிறிதாக்க எனக்கு மனமில்லை. ஒரு தாய் தகப்பன் காலையில் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வரவில்லை. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிறர்மீது கை வைக்கவே மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் காயப்படுத்துவது தங்களைத்தான். ஆனால் ஒரு பையன் மாதக்கணக்கில் இவ்வளவு இருட்டை மனத்துக்குள் சுமந்துகொண்டு, சீருடை போட்டு, பேருந்து ஏறி, வகுப்பில் வந்து உட்கார முடியும் என்பதை நம் வீட்டுப் பக்கத்திலேயே பார்த்தோம். அதை மறந்துவிட்டுப் பழையபடி இருப்பது சரியில்லை.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அப்போதைய கல்வி அமைச்சர் சான் சுன் சிங் சம்பவம் நடந்த அதே மாதம் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆலோசனைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கையை 1,000க்கும் மேலாக உயர்த்தப்போவதாக அமைச்சு சொன்னது. 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் போய்விட்டன. கடைசியாகச் சொன்னதற்கு நான் மனமார நன்றி சொல்வேன். ‘நான் என்டி (வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவு) டீச்சர், எனக்கு இதெல்லாம் வராது’ என்று 13 வயதில் தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட பையன்கள் பலருக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், அறையும் இருக்கிறது. போகிறவன் யார்? “அந்த ரூம் வாசல்ல நின்னா எல்லாரும் பார்ப்பாங்க டீச்சர்” என்றான் ஒரு பையன். பெண்பிள்ளைகள் தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார்கள். பையன்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. நண்பன் வாடிப்போயிருந்தால் கிண்டல் செய்து சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் தெரியும். 2022இல் சிங்கப்பூரில் 476 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். 10 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமாக நோயோ விபத்தோ இல்லை, இதுதான் இருந்தது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரியிலிருந்து குற்றமில்லை. சட்டம் மனமிரங்கிவிட்டது. வீடுகளில் நாம்தான் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவே பயப்படுகிறோம்.

நம் பள்ளி விதிமுறைகளில் ஒன்று எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. பிரம்படி பையன்களுக்கு மட்டும் கொடுக்கலாம், பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. முதல்வர் அல்லது அவர் அனுமதித்தவர்தான் அடிக்கலாம், கடுமையான தவறுக்குத்தான் அடிக்கலாம் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருப்பது தெரியும். அப்படியும் கேட்கிறேன்: ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்காரும் 14 வயதுப் பிள்ளைகள் இருவர், ஒரே தவறைச் செய்தால், ஒருத்தியின் உடம்புக்கு வலிக்கும் என்றும் ஒருவனுக்கு வலித்தால் பரவாயில்லை என்றும் எதை வைத்து முடிவு செய்தோம்? அக்கம்பக்கத்துக் கடைகளில் வண்ணக் கைப்பிடி போட்ட பிரம்புகள் இன்றும் தொங்குகின்றன. வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் யாரை நினைத்து வாங்குகிறார்கள் என்பது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலியைக் காட்டாதே என்று ஆறு வயதிலிருந்து பழக்கிவிட்டு, பதினாறு வயதில் மனத்தில் இருப்பதைச் சொல்லு என்றால் அவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? அந்தப் பிரம்படி விதி போக வேண்டும்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்லும்போது குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடக்கூடாது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து அப்பாக்களில் பலர் துவாசிலும் ஜூரோங் தீவிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். நான்கு நாள் பகல், பிறகு நான்கு நாள் இரவு என்று வரும். அப்பா வீட்டுக்கு வரும்போது மகன் பள்ளிக்குப் போய்விட்டிருப்பான், மகன் வரும்போது அப்பா தூங்குவார். அதில் பாசத்துக்குக் குறைவில்லை, நேரம்தான் இல்லை.

சட்டம் அவர்களுக்கு எந்த வயதில் நேரம் கொடுக்கிறது என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தையின் அப்பாவுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு, முதலாளி மறுக்க முடியாது. மிக நல்ல மாற்றம். பிள்ளை ஏழு வயதை எட்டும்வரை ஆண்டுக்கு ஆறு நாள் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை இரண்டு நாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பையன் குரல் உடைந்து, உயரம் கூடி, பேச்சு குறையத் தொடங்குவது எந்த வயதில்? பதின்மூன்றில், பதினான்கில். பள்ளியிலிருந்து ஆலோசகர் அழைத்து ‘வந்து பேசுங்கள்’ என்பதும் அந்த வயதில்தான். அப்போது அப்பா தன் ஆண்டு விடுப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அம்மா மட்டும் போக வேண்டும். அம்மாதான் போகிறார். அந்த இரண்டு நாளைப் பதினாறு வயது வரை நீட்டிக் கொடுங்கள் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். பெரிய செலவில்லை. மகனுக்காகப் பள்ளிக்கு வந்து உட்கார்ந்த அப்பாவை அந்த மகன் மறக்க மாட்டான்.

ஜூரோங் தீவில் வேலை பார்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். மகன் என்னிடம் படித்தவன். இரவு ஷிப்டு முடிந்த வாரக் கடைசியில் மகனைக் கூட்டிக்கொண்டு பூன் லே பிளேஸ் சந்தைக்கு நாசி லெமாக் சாப்பிடப் போவார். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். கேள்வி கேட்கக்கூடாது என்று அவருக்கு அவரே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார். எத்தனையோ வாரம் கழித்து, திரும்பி நடந்து வரும் வழியில், மகனாகவே பள்ளியில் தன்னை ஒரு கூட்டம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று சொன்னான். அப்பா நடையை நிறுத்தவில்லை, அவன் பக்கம் திரும்பவுமில்லை. “எப்பருந்துய்யா?” என்று மட்டும் கேட்டாராம். மறுவாரம் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். எதிரில் உட்கார வைத்து விசாரித்தால் பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். எழுதும்போது வராத பேச்சு, நாற்காலிகளை அடுக்கும்போது வரும்.

பேச்சு வராமலே போன வீடுகளும் இருக்கின்றன. சிங்கப்பூர் சிறுவர் இல்லம் எங்கள் ஜூரோங் வெஸ்ட்டில்தான் இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் பையன்கள் தங்கும் இடம். ‘பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவன்’ என்று முன்பு பெற்றோரே நீதிமன்றத்தில் முறையிடுவார்கள். 2020இல் அந்தப் பெயரை மாற்றிக் குடும்ப வழிகாட்டல் உத்தரவு என்று வைத்தார்கள். பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணம் நீதிமன்ற வாசலுக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வர வேண்டும்.

“ஆர்மிக்குப் போனா சரியாயிடுவான்” என்று தள்ளிப்போடும் பெற்றோரும் உண்டு. தேசிய சேவையை நான் மதிக்கிறேன். அங்கே எத்தனையோ பையன்கள் முதல்முறையாக நல்ல நண்பர்களைச் சம்பாதித்து வருகிறார்கள். ஆனால் அது பதினெட்டு வயதில். அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளை யாருடைய பொறுப்பிலும் விடாமல் இருக்க முடியாது.

நம் சமூகத்திடமும் கேட்க ஒன்று இருக்கிறது. 1991இல் இந்தியர்களின் சுய உதவி அமைப்பான சிண்டா தொடங்கியபோது நம் பிள்ளைகளின் கணிதம்தான் பெருங்கவலை. மாதாமாதம் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்கு நாம் கொடுக்கும் வெள்ளி, எத்தனையோ பிள்ளைகளுக்கு ஸ்டெப் என்ற துணைப்பாடத் திட்டமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த அக்கறை இன்றும் குறையவில்லை. தொண்டூழியத்துக்கு வருகிறவர்களில் ஆண்கள் குறைவு என்பது மட்டும் நான் கண்ட குறை. பள்ளியிலும் ஆசிரியைகள், துணைப்பாடத்திலும் நாங்கள், வீட்டிலும் அம்மா. ‘எனக்கும் பயமா இருந்துச்சுடா’ என்று ஒரு வளர்ந்த ஆண் வாயால் சொல்லி இந்தப் பையன்கள் கேட்டதே இல்லை. ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், டாக்சி ஓட்டுநர், பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் போகும் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பந்தோடு கீழே இறங்கி ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

அதுவரைக்கும் பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. வாயால் பேச முடியாதவன் எழுதி அனுப்ப 9151 1767 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. மகனை உட்கார வைத்துப் பாடம் நடத்தாமல், அவனுடைய கைப்பேசியை வாங்கி மூன்றையும் பதிந்து கொடுங்கள். ‘உனக்குத் தேவைப்படாட்டி உன் ஃப்ரெண்டுக்கு உதவும்’ என்று சொல்லிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வான். என்னிடம் படிக்கும் பையன்களுக்கு அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். ஒருவன்கூட அழிக்கவில்லை.