பேண்டோ இறங்கியிருக்கு, இன்ஜின் ஓடுது! ரயில் ரசிகர்கள் நெற்றி சுருக்குவது ஏன்?

நாகர்கோவில் சந்திப்பில் காத்திருக்கும்போது, காலிப் பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் இன்ஜினைப் பார்த்திருப்பீங்க. அதுதான் ஷண்டிங். ரயில் ரசிகர்கள் மனசுல இதுக்கு ஓர் உருவம் உண்டு: டபிள்யூ.டி.எஸ்-6 டீசல் இன்ஜின். நீண்ட மூக்கு, ஒரே கேபின், கரும்புகை, அந்த 'ஆல்கோ' சத்தம்.

2020-ல் ஜபல்பூர் கோட்டம் கொண்டுவந்த 'நவ்தூத்' அந்த உருவத்தைக் கலைத்துவிட்டது. பார்த்தால் வழக்கமான மின்சார இன்ஜின்தான். ஆனால் மேலே கம்பி இல்லாத தடத்தில் பேண்டோகிராஃபை இறக்கிவிட்டு பேட்டரியில் ஓடும்.

எதற்கு இந்த ஏற்பாடு? பெட்டிகளைக் கழுவிப் பரிசோதிக்கும் பிட் லைன்கள் பலவற்றில் மின்கம்பி இருக்காது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் இருந்தால் கூரையில் ஏறி யார் வேலை பார்ப்பது? பாதை முழுக்க மின்மயமானாலும் யார்டு டீசலை விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஷண்டர் மாதிரியே இல்லையே' என்ற முணுமுணுப்பு வெறும் பழைய பாசம் இல்லை. ஷண்டிங்கில் அடிக்கடி திசை மாறும். பழைய டீசலில் ஒரே கேபினில் இருந்தே இரு திசையிலும் ஓட்டலாம் (மூக்குப் பக்கம் எட்டி எட்டித்தான் பார்க்கணும், அது வேறு கதை). இரு முனையிலும் கேபின் உள்ள இன்ஜினில் ஓட்டுநர் எழுந்து மறுமுனைக்குப் போகணும். இல்லை, கொடி காட்டுபவரை நம்பணும். பெட்டிகளுக்கு நடுவே நின்று கப்ளிங் மாட்டும் ஊழியருக்குப் புகை போனதில் சந்தோஷம்தான். ஓட்டுநர் கண்ணில் தான் படுகிறோமா என்பதுதான் அவர் கேள்வி.