கடையில் இல்லாத ஆல்பம்

உங்க ப்ளேலிஸ்ட்டைத் திறந்து கடைசி வரைக்கும் இறக்கிப் பாருங்க. நடுவில் ஒன்றிரண்டு பாட்டு மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், தொட்டாலும் ஓடாது. மாசாமாசம் காசு கட்டுறோம். ஆனா போன வாரம் இருந்த பாட்டு இந்த வாரம் இல்லை, ஏன்னு கேட்க ஆளும் இல்லை.

ஒரு பாட்டு போனதுக்கே நமக்கு இவ்வளவு கடுப்பு. ஒரு குழுவோட முக்கியமான ஆல்பங்களே வருஷக்கணக்கில் இப்படி மாட்டிக்கிட்ட கதை தெரியுமா?

டி லா சோல். ஹிப்ஹாப் கேட்கிறவங்களுக்குப் பேராவது தெரிஞ்சிருக்கும். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டைச் சேர்ந்த மூணு பள்ளித் தோழர்கள். 1989-ல் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்று முதல் ஆல்பம் போட்டாங்க. பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, நடுநடுவே கேலியும் கிண்டலுமாக ஒரு புது உலகத்தையே கட்டினாங்க. (மூவரில் ஒருத்தர் பேர் ட்ருகாய். ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போட்டுப் படிச்சா யோகர்ட். தயிர் பிரியர். நம்ம ஆளு!) அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த ஆல்பத்தையும் சேர்த்தது.

அதாவது நாட்டின் பொக்கிஷம். ஆனா ஸ்ட்ரீமிங்கில் தேடினால் 2023 வரை கிடைக்காது. பழைய சிடியோ ரெக்கார்டோ எங்காவது மாட்டினால் உண்டு.

காரணம் அந்த ஒட்டுவேலைதான். பிறர் பாட்டிலிருந்து துண்டு எடுக்க அனுமதி வாங்கணும். 1980-களின் கடைசியில் எழுதின ஒப்பந்தங்களில் ரெக்கார்டு, கேசட் என்றுதான் இருந்தது. இணையத்தில் விற்பதைப் பற்றி அப்போ யார் யோசிச்சா? காலம் மாறினதும் ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி பேச வேண்டிய நிலை. போதாக்குறைக்கு அந்தக் குழுவுக்கும் கம்பெனிக்கும் நடுவே பணத்தகராறு வேற. 2014 காதலர் தினத்தன்று அவங்களே பொறுமை இழந்து, தங்கள் ஆல்பங்களை 25 மணி நேரம் இலவசமாக டவுன்லோடு பண்ண விட்டாங்க. சொந்தப் பாட்டை ரசிகன் கையில் சேர்க்க ஒரு கலைஞனுக்கு இந்த வழிதான் மிச்சம்!

கடைசியில் கம்பெனி கைமாறி, 2023 மார்ச் 3 அன்று எல்லாம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. ட்ருகாய் அதைப் பார்க்கலை. பிப்ரவரி 12 அன்று, 54 வயசில் இறந்துட்டார். பத்தொன்பது நாள்தான் இடைவெளி. இந்தக் கணக்கைப் போட்ட அன்னைக்கு எனக்கு அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்க முடியலை.

இத்தனை வருஷம் புதுசா வந்த ரசிகர்களுக்கு அந்தப் பாட்டுகளைக் கொண்டு சேர்த்தது யார்? பெரும்பாலும் சிடியிலிருந்து காப்பி எடுத்துப் பகிர்ந்த ரசிகர்கள். அது சட்டப்படி தப்பு, கலைஞனுக்கு அதில் பத்து பைசா போகாது. நான் அதுக்கு வக்காலத்து வாங்கலை. ஆனா காசு கொடுக்கத் தயாரா இருக்கிறவனுக்கு வாங்குற கதவையே சாத்திட்டு, அவனைத் திருடன்னு சொல்றதில் என்ன நியாயம்? விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்கிற உரிமைக்கு ஒரு கெடு இருக்கணும். இத்தனை வருஷம் கடையில் இல்லைன்னா, நூலகமாவது பிரதி எடுத்துக் கேட்கக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லணும்.

நம்ம நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான வருஷம் முடிந்து 60 ஆண்டு. 1989-ல் வந்த கேசட் 2050-ல்தான் பொதுச்சொத்து. அதுவரை டேப் தாங்குமா? மெட்டீரியல்ஸ் பேப்பர் படிச்சவங்க யோசிங்க: காந்தத் துகளைப் பிடிச்சு வைத்திருக்கிற பசை ஈரத்தில் இளகும். அதுவும் நம்ம ஊர் ஈரத்தில்.

எங்க மாமா வீட்டுப் பரணில் ஒரு நாதஸ்வரக் கேசட் இருக்கு. எங்க ஊர்க்காரங்க வாசிச்சது, உறையில் வருஷம் 1989. போட்ட கம்பெனியை இழுத்து மூடி ரொம்ப நாளாச்சு, அனுமதி கேட்கக்கூட ஆளில்லை. மாமா இன்னும் பென்சில் விட்டுச் சுத்தி வைக்கிறார். பொங்கல் லீவில் அதைக் கம்ப்யூட்டரில் ஏத்திடணும்னு இருக்கேன். ஹாஸ்டலில் யார்கிட்டயாவது ஓடுற டேப் ரிக்கார்டர் இருந்தா சொல்லுங்க. எங்க வீட்டுதுக்கு பெல்ட் போயிடுச்சு.