பால்வாடி டீச்சருக்கு முதல்ல ‘டீச்சர்’ வேலையைக் கொடுங்க!



ஒருநாள் காலை பத்து மணிக்கு உங்க ஊர் பால்வாடி வாசல்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. டீச்சர் என்ன செய்துகொண்டிருப்பார்? பிள்ளைகளின் எடை, உயரம் பார்த்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பார். சிக்னல் போயிடும், திரும்ப ஏத்தணும். சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணிக்குக் கணக்கு எழுதணும். தடுப்பூசி நாள் என்றால் வீடுவீடாகச் சொல்லிவிட்டு வரணும். உதவியாளர் அடுப்படியில். அப்போ அந்த இருபது பிள்ளைகளுக்குக் கதை சொல்றது யாரு?

தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று நல்ல திட்டமே இருக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்: பாட்டு, களிமண், மணல், பொம்மை, தாய்மொழியில் ஓயாத பேச்சு. பென்சிலை இறுக்கிப் பிடித்து ஏ, பி, சி, டி நூறு தடவை எழுதுவது படிப்பு இல்லை. விரல் எலும்பே இன்னும் முழுசா வளராத வயசு அது. ஆனால் ‘பால்வாடியில சோறு போடுவாங்க, படிப்பு சொல்லித்தர மாட்டாங்க’ என்று முடிவு கட்டிய அம்மா, கடன் வாங்கியாவது பிள்ளையை நர்சரி வேனில் ஏற்றிவிடுகிறார். அவர் மேல தப்பு சொல்ல முடியுமா?

சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் கல்வியை உரிமையாக்குகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது பிரிவு 11. ‘செய்ய வேண்டும்’ இல்லை, ‘செய்யலாம்’!

இதுல ஒரு வேடிக்கை. அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்கேஜியில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்ட வேண்டும். அங்கே சட்டக் கடமை. சொந்த அங்கன்வாடியில் ‘செய்யலாம்’.

2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். 2022-ல் அதையும் மூடப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். ஐயாயிரம்! இங்கே ஒரு கொத்தனார் சித்தாளுக்குக்கூட அந்தக் கூலியைச் சொல்ல முடியாது.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒன்றிய அரசு தருவது ‘மதிப்பூதியம்’தான். 2018-ல் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை 4,500 ரூபாய், மாநிலம் அதன்மேல் சேர்த்துத் தருகிறது. பணிக்கொடைக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது; 2022 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது.

நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு மையத்துக்கும் முன்பருவக் கல்விக்கென்றே தனியாக, முறையான சம்பளத்தில் ஓர் ஆசிரியர். செயலியும் எடைக்கருவியும் அவர் கைக்குப் போகக்கூடாது. கூடவே பிரிவு 11-ல் ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ என்று மாறணும்.

அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. கிராம சபை கூடுவதும் அக்டோபர் 2. போறவங்க சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வராதீங்க. உங்க ஊர் மையத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை பணியிடம் காலி, கழிப்பறையில் தண்ணி வருதான்னு முன்கூட்டியே பார்த்து வைங்க. தனி ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்க. தீர்மான நகலைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்க.