கம்பளம் விரிக்கச் சிலிண்டர் கட்டாயமா?

மீன்தொட்டியின் தரையில் புல்வெளி போலத் தாவரம் படர வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு இந்தியாவில் முதலில் கிடைக்கும் அறிவுரை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குங்கள் என்பதே. சிலிண்டரோடு ரெகுலேட்டர், சொலினாய்டு வால்வு, டிஃப்யூசர் எனப் பட்டியல் நீள்கிறது. இறுதியில் தொட்டியின் விலையைக் காட்டிலும் துணைக்கருவிகளின் விலை மிகுந்துவிடுகிறது. கல்லூரி மாணவரும் சிறு வருவாயினரும் அந்தப் பட்டியலைக் கண்ட மாத்திரத்தில் ஆசையைக் கைவிடுகின்றனர். இந்த அறிவுரை முழுப்பொய் அன்று; பாதி உண்மை. கம்பளம் விரைவாக அமைய வேண்டுமாயின் சிலிண்டர் தேவை. கம்பளம் அமைவதற்கே அது தேவை என்பது பிழை.

நீரில் கரிவாயு மிகக் குறைவு என்று பலரும் நம்புகின்றனர். 25 பாகை வெப்பத்தில், காற்றோடு சமநிலை அடைந்த ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதும் முக்கால் மில்லிகிராம் அளவே. ஆகவே குறை அளவில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. வாயு மூலக்கூறு காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே நீரில் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த கார்பனை இலை உறிஞ்சியதும், அவ்விடத்துக்கு அடுத்த மூலக்கூறு வந்து சேரத் தாமதமாகிறது. சிலிண்டர் வைத்திருப்போர் நீரின் கார்பன் டை ஆக்சைடை லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது ஐம்பது மடங்கு உயர்த்தி இந்தத் தாமதத்தை வெல்கின்றனர். அது வலுவான வழிதான், ஆனால் ஒரே வழி அன்று. இலைப்பரப்பின் மேல் மெதுவான நீரோட்டம் தவழுமாறு வடிகட்டியின் வாயைத் திருப்பி வைத்தாலே அந்தப் படலம் மெலிந்துவிடும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கம்பளத் தாவரம் தொட்டியின் அடியில், மண்ணை ஒட்டி வாழ்கிறது. மண்ணிலுள்ள கரிமப் பொருள் மட்கும்போது வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடு முதலில் எட்டுவது அதைத்தான். அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூல் இதையே அடிப்படையாகக் கொண்டது. ஓர் அங்குலத் தோட்டமண், அதன்மேல் ஓர் அங்குலச் சரளை, அளவான ஒளி, மீனுக்கு இடும் உணவின் மிச்சம். இவையே தாவரத்தின் கார்பனுக்கும் ஊட்டத்துக்கும் மூலம். இதற்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் ஜப்பானின் தகாஷி அமானோ. கல்லும் பசும்புல்லும் மட்டுமே கொண்ட அவருடைய தொட்டிகளின் படங்கள் உலகெங்கும் ஒரு தலைமுறையின் ரசனையை உருவாக்கின. அந்தப் பசுமைக்குப் பின்னால் கார்பன் டை ஆக்சைடு செலுத்தலும், வலுவான ஒளியும், ஓயாத கத்தரிப்பும் இருந்தன. இந்தியத் தொடக்கநிலையாளர் அமானோவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வால்ஸ்டாடின் செலவில் தொட்டி அமைக்க முயல்கிறார். தோல்வி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கம்பளத் தாவரம் என்று விற்கப்படுபவற்றுள் மிகப் பல உண்மையில் நீர்த்தாவரங்களே அல்ல. அவை கரையோரச் சேற்றில் வாழ்பவை. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் காற்றில் தழைப்பது அவற்றின் இயல்பு. வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் கடின நீரிலுள்ள பைகார்பனேட்டைப் பிரித்துக் கார்பன் எடுக்க வல்லவை. அதனால்தான் ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய தொட்டிகளிலும் அவை கேட்பாரின்றிச் செழிக்கின்றன. கரையோரத் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு.

கியூபாவிலிருந்து வந்த ஹெமியாந்தஸ் கடுகளவு இலைகளால் கண்ணைப் பறிக்கும்; கரிவாயு செலுத்தாத தொட்டியில் அதை நடுவது பெரும்பாலும் பணத்தைத் தண்ணீரில் போடுவதே. ஆஸ்திரேலியாவின் குளோசோஸ்டிக்மா உயிர் பிழைத்தாலும், படராமல் ஒளியை நோக்கி நெட்டையாக வளரும். அர்ஜென்டினாவின் மான்டி கார்லோ நடுத்தரம்: நல்ல மண்ணும் பொறுமையும் இருப்பின் சிலிண்டர் இன்றியும் மெல்லப் பரவும். எலியோகாரிஸ் என்னும் குட்டைக் கோரை ஓடுதண்டு விட்டுச் சில மாதங்களில் தரையை நிரப்பும். குட்டை சஜிட்டேரியா விரைந்து பரவும், ஆனால் சொன்ன உயரத்தில் நிற்காது. இலங்கையின் கிரிப்டோகோரைன் பார்வா மாதத்துக்கு ஓரிரு இலை விடும். அவசரக்காரர் அதன் பக்கமே போகாதிருத்தல் நலம்.

இந்த வரிசையில் மிகவும் புறக்கணிக்கப்படுவது ஆரை. தமிழர் ஆரைக்கீரை என்றும் வங்காளியர் சுஷ்னி என்றும் சமைத்துண்ணும் நாலிலைப் பெரணியின் குடும்பம் அது. வயல்வரப்பில் நான்கு இலைக்கூறுகளோடு நிற்கும் இக்குடும்பத் தாவரங்கள், நீருக்குள் பெரும்பாலும் ஒற்றைக் கூறோடு குட்டையாகப் படரும். மீன்தொட்டி வணிகத்தில் பரவலாகக் கிடைப்பது ஆஸ்திரேலிய இனமான மார்சிலியா ஹிர்சூட்டா. குறைந்த ஒளியிலும் கரிவாயு செலுத்தாத நீரிலும் பிழைப்பது. நெல்வயல்தோறும் ஆரை முளைக்கும் ஒரு நாட்டில் அதன் ஆஸ்திரேலிய உறவினரை விலை கொடுத்து வாங்குவது வேடிக்கைதான். ஆனால் வயலிலிருந்து பிடுங்கி வந்து அப்படியே தொட்டியில் இடலாகாது. பூச்சிக்கொல்லியின் எச்சம் இறாலைக் கொன்றுவிடும். பல வாரம் தனி நீரில் வளர்த்த புதிய தளிரை மட்டும் நடுவதே பாதுகாப்பு.

வாங்கிய தாவரம் இரண்டு வாரத்தில் கரைந்து போவதைக் கண்டு, சிலிண்டர் இல்லாததால் வந்த வினை என்று முடிவு கட்டுவோர் பலர். வணிக நாற்றங்கால்கள் பெரும்பாலும் இத்தாவரங்களை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்தே விற்கின்றன. காற்றுக்கென அமைந்த இலை நீருக்குள் நிலைப்பதில்லை. அது அழுகி, நீருக்கேற்ற புதிய இலை துளிர்க்க வேண்டும். கரிவாயு செலுத்தினால் இந்த மாற்றம் எளிதாகும் என்பது உண்மை. செலுத்தாவிடினும் வேரும் தண்டும் உறுதியாக இருந்தால் மாற்றம் நிகழும். அழுகிய இலையை அகற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதே இயல்பைச் சாதகமாக்கிக் கொள்வதே உலர்தொடக்க முறை. மண்ணைச் சேறாக நனைத்து, தாவரத்தைச் சிறு சிறு கொத்துகளாக நட்டு, தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஆறு முதல் எட்டு வாரம் நீர் நிரப்பாமல் வைத்திருப்பர். அந்த நாட்களில் இலைகள் காற்றிலிருந்து தடையின்றிக் கார்பன் பெறுகின்றன. வேர் இறங்குகிறது, தரை மூடுகிறது. பூஞ்சை பிடிக்காதிருக்க நாள்தோறும் சிறிது நேரம் மூடியைத் திறந்துவிட வேண்டும். ஆனால் இதிலும் ஒரு மயக்கம் உண்டு. கியூபாவின் ஹெமியாந்தஸ் உலர்நிலையில் அருமையாக விரியும். நீர் நிரப்பிய சில வாரங்களில் அடியிலிருந்து மஞ்சளித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து மிதக்கும். உலர்தொடக்கம் தாவரத்துக்கு முதலீடு தரும். அதன் இயல்பை மாற்றாது.

ஒளி விஷயத்தில் நடக்கும் தவறே எல்லாவற்றிலும் பெரிது. கம்பளத்துக்கு அதிக ஒளி வேண்டும் என்ற பாதி அறிவுரையைக் கேட்டு விளக்கை மட்டும் வாங்கி வந்தால், கார்பன் இன்றித் தவிக்கும் தாவரத்தை முந்திக்கொண்டு பாசி செழிக்கும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு மிதமான ஒளி, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். நடுவே சில மணி நேரம் விளக்கை அணைத்து வைப்பதில் பொருள் உண்டு. காலையில் தாவரம் தின்று தீர்த்த கார்பனை மண்ணும் மீன்களும் அந்த இடைவேளையில் ஓரளவு ஈடுசெய்கின்றன.

இந்தியக் கோடைக்குத் தனிக் கணக்கு உண்டு. நீர் 25 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறினால் கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. தாவரத்தின் சுவாசச் செலவோ கூடுகிறது. நாக்பூரிலோ ஹைதராபாதிலோ மே மாதத்தில் மஞ்சளிக்கும் கம்பளத்துக்குச் சிலிண்டரைவிட, நீர்ப்பரப்பின் மேல் வீசும் ஒரு சிறு மின்விசிறி முதலில் உதவும்.

மாற்று வழிகள் என்று விற்கப்படுபவற்றை ஐயத்தோடு அணுக வேண்டும். திரவக் கார்பன் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கப் பயன்படும் குளுட்டரால்டிஹைடு சார்ந்தவை. அவை பாசியைக் கொல்வதையே பலர் தாவர ஊட்டம் என்று எண்ணுகின்றனர். அளவு மீறினால் வாலிஸ்நேரியாவும் இறாலும் சேர்ந்தே மாளும். சர்க்கரை ஈஸ்ட் புட்டி மலிவு. ஆனால் இன்று பொங்கி நாளை ஓயும் அந்த வாயுவுக்குத் தாவரம் பழகுவதற்குள் பாசி பழகிவிடுகிறது.

சிலிண்டரின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. ரிச்சியா என்னும் மிதவைப் பாசியினத்தை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு, மங்கிய ஒளியிலும் கூடுதல் கார்பன் வளர்ச்சியைப் பெருக்குவதைக் காட்டியது. வாயு எந்தத் தொட்டிக்கும் உதவும். போட்டிக்குத் தொட்டி அமைப்பவருக்கும், செந்நிறத் தண்டுத் தாவரங்களை விரும்புபவருக்கும் அது பெரும்பாலும் இன்றியமையாதது. அதே வாயு, இரவில் வால்வு மூடத் தவறினால், மீன்களை நீர்ப்பரப்பில் வாய்பிளக்க வைக்கும் என்பதையும் விற்பவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விரைவளர்ச்சிக்கு வேறொரு விலையும் உண்டு. வாரந்தோறும் கத்தரித்த தழை எங்கே போகிறது? 2020இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப் பாண்டியில் இளஞ்சிவப்பாகப் பூத்து மக்களைத் திரட்டிய கபோம்பா, தென்னமெரிக்காவைச் சேர்ந்த மீன்தொட்டித் தாவரம். கத்தரித்ததை வெயிலில் உலர்த்தி உரக்குழியில் இட வேண்டும். சாக்கடையிலோ குளத்திலோ வீசலாகாது.

கடைகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாவரக் குவளையின் மேல் மூன்று செய்திகளை எழுதி ஒட்டலாம்: இது நீருக்குள் வளர்த்ததா வெளியே வளர்த்ததா, கரிவாயு செலுத்தாமல் பிழைக்குமா, அப்படியாயின் தரை மூட எத்தனை மாதம் ஆகும். மூன்றாவது வரியில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் சிலர் வாங்காமல் போவர். வாங்குவோர் இரண்டாம் மாதத்தில் பிடுங்கி எறிய மாட்டார்கள்.