உழவர் கையில் கைப்பேசி

புதிதாகத் தொடுதிரைக் கைப்பேசி வாங்கும் சிறு விவசாயி அதில் எந்தச் செயலியை முதலில் ஏற்றிக்கொள்வது? விலை நிலவரம் என்பர் சிலர். மானியம் என்பர் பலர். உண்மையில் வானிலையே முதலில் வேண்டும். பிடுங்கிப் போட்ட நிலக்கடலை வயலில் கிடக்கையில் பெய்யும் மழையும், மருந்து தெளித்த அன்றே கொட்டும் மழையும் கைமுதலையே கரைத்துவிடும். பிறகு மானியம் வந்து என்ன பயன்?

இந்திய வானிலைத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-ல் கொணர்ந்த 'மேகதூத்' செயலி, மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை மாவட்டவாரியாக முன்கூட்டிச் சொல்கிறது. பயிர் ஆலோசனையும் உண்டு. காற்று பலமாக இருக்குமென்றால் தெளிப்பைத் தள்ளிப் போடலாம். வெட்டவெளியில் ஆடு மாடு மேய்ப்போர், அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும் 'தாமினி'யையும் வைத்துக்கொள்வது நலம்.

அடுத்தது, தமிழக அரசு 2018-ல் தொடங்கிய 'உழவன்'. சந்தை விலை, உர இருப்பு, வாடகை இயந்திரம், மானியப் பதிவு எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் அதில் காணும் விலை அப்படியே கைக்கு வரும் விலையன்று. வண்டிக் கூலி, ஏற்றுகூலி, தரகு போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்தே பேரம் பேசவேண்டும்.

"கிசான் தவணை பெற இதை அழுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலியை எக்காரணங்கொண்டும் ஏற்றக்கூடாது. வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் வஞ்சகம் அது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

செயலியோடு மல்லுக்கட்ட இயலாத முதியவர்கள் பேரன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 1800-180-1551 என்ற எண்ணில் கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை. சாதாரணக் கைப்பேசியே போதும்.