இரவில் ஊறும் தேயிலை, இரவில் தங்கும் கூலி



இக்கோடையில் நம் சபையாரின் இல்லங்கள் பலவற்றில் குளிர்நீரில் ஊறவைத்த தேநீர் ஒரு புதிய பழக்கமாகப் பரவி வருகிறது. ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் வண்ணமும் சர்க்கரையும் கலந்த குளிர்பானப் புட்டிகளை வாங்குவதைவிட இது நல்ல பழக்கம் என்பதே என் கருத்து. ஆராதனைக்குப் பின்னான ஐக்கிய உபசரிப்பிலும் இதனையே பரிமாறலாம் என்று பரிந்துரைக்கிறேன். முறையைக் கேட்டவர்களுக்காக முதலில் அதனை எழுதிவிடுகிறேன்.

ஒரு லிட்டர் நீருக்கு 8 முதல் 10 கிராம் தேயிலை போதும். தேயிலைத்தூள் விரைவில் கசப்பேறும், வடிப்பதும் கடினம். ஆகையால் நீலகிரியின் இலைத்தேயிலை ஏற்றது. கொதிக்கவைத்து நன்றாக ஆறிய நீரைத் தேயிலையின்மேல் ஊற்றி, மூடி, குளிர்ப்பெட்டியில் ஏறத்தாழ 8 மணி நேரம் வைத்திருந்து காலையில் வடித்துவிடுங்கள். இலையைப் பிழிய வேண்டாம். நம் மலைத்தேனைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேர்த்து, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் வேறொன்றும் தேவையில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் தேன் கொடுக்கலாகாது. குளிர்ந்த நீர் கிருமிகளைக் கொல்லாது. ஆகவே நீரை முன்னரே கொதிக்கவைப்பது அவசியம். பாத்திரத்தை வெயிலில் வைத்து ஊறவிடும் முறையைத் தவிருங்கள். அந்த இளஞ்சூட்டில் கிருமிகள் பெருகும். குளிர்ப்பெட்டி இல்லாத இல்லத்தார் வழக்கம்போல் கொதிநீரில் தேநீர் தயாரித்து, ஆறவைத்து, அப்பொழுதே பருகுவதே பாதுகாப்பு.

சுடுநீர் தேயிலையின் கஃபீனையும், துவர்ப்பைத் தரும் பொருள்களையும் விரைந்து இழுத்துக்கொள்கிறது. குளிர்நீரோ அவற்றை மெதுவாகவும் குறைவாகவும் பெறுகிறது. ஆதலால் கசப்புக் குறைந்து, இலையின் இயல்பான இனிமை மேலோங்குகிறது. இதிலிருந்து ஒரு பிரசங்கம் எளிதில் பிறந்துவிடும்: பொறுமையாய்க் காத்திரு, கசப்பு நீங்கும், இனிமை வரும். விசுவாச வாழ்வில் காத்திருத்தலுக்கு உயர்ந்த இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தப் பாத்திரத்தைக் காட்டி அந்தப் பிரசங்கத்தைச் செய்ய என் மனம் இசையவில்லை. அதற்குக் காரணம் தேயிலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியே பனிக்கட்டி இட்ட தேநீரைப் பெருவழக்காக்கியது என்பர். அங்கே இந்தியத் தேயிலையை அறிமுகப்படுத்திய ரிச்சர்ட் பிளெச்சிண்டனின் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது. அந்த இலையைப் பறித்தவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல், அங்கே தமிழ்க் கூலிகள் பட்ட பாட்டை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார்; அது 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. முன்பணம் கொடுத்து ஏழைகளைச் சமவெளியிலிருந்து மலைக்கு அழைத்துச் சென்று, கடனிலேயே கட்டிவைத்த கதை அது.

கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் நிலையும் வேறன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் அவர்களை எண்ணிக்கையிட்டுப் பிரித்துக்கொண்டன; 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சி நின்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டுகள் காத்திருந்த அந்த மக்களிடம் சென்று, தேயிலை ஊறுவதைக் காட்டிப் பொறுமையைப் போதிக்க எந்தப் போதகருக்குத் துணிவு வரும்?

பரிசுத்த வேதாகமம் இதில் தெளிவாயிருக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரம், கூலியாளின் கூலி விடியுமட்டும் எஜமானிடத்தில் தங்கக் கூடாதென்று கட்டளையிடுகிறது. உபாகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கி வந்து, சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் அவன் உயிரே தங்கியிருக்கிறது என்பது அதன் காரணம். திராட்சத்தோட்ட உவமையில் கடைசி மணி வேளையில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததைப் பலமுறை தியானித்திருக்கிறோம். அந்த எஜமான் அன்று மாலையிலேயே கணக்கைத் தீர்த்தான் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கிருபையைப் பற்றிய அந்த உவமையில் நியாயப்பிரமாணத்தின் இக்கட்டளையும் நிறைவேறியிருக்கிறது. தேயிலை இரவெல்லாம் ஊறலாம். கூலி ஓர் இரவும் நம்மிடத்தில் தங்கலாகாது. நாமே விரும்பிக் காத்திருப்பது விசுவாசம். பிறரைக் காக்கவைப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டுதல் தகாது.

இது தொலைவிலுள்ள தோட்டங்களின் கதை மட்டுமன்று. நம் ஜவ்வாது மலையில் தேயிலைத் தோட்டம் இல்லை. சாமையும் தேனும் பலாவும் இருக்கின்றன. ஆனால் இம்மலையின் பிள்ளைகளும் முன்பணத்தை நம்பி மலையிறங்கியவர்களே. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு, 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஊரிலேயே உழைப்புக்கு உரிய கூலி உரிய நாளில் கிடைக்குமானால், தரகனின் பேச்சைக் கேட்டு அயல் மாநிலக் காட்டுக்குள் எத்தனை பேர் போவார்கள்? இந்தக் கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

"அப்படியானால் தேநீரே பருகக் கூடாதா, ஐயரே?" என்று சிலர் கேட்கக்கூடும். 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் தாவீது பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்குகிறான். மூன்று பராக்கிரமசாலிகள் எதிரியின் பாளயத்தைக் கடந்து அதைக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீரில் தாவீது அவர்களின் இரத்தத்தைக் கண்டு, குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். நாம் தேநீரை ஊற்றிவிட வேண்டியதில்லை. நாம் பருகாவிட்டால் பறிக்கிறவர்களின் பிழைப்பே பாழாகும். தாவீதின் கண்கள் நமக்கு வேண்டும். குவளையை எடுக்குமுன் செய்யும் ஸ்தோத்திர ஜெபத்தில், பறித்த கைகளையும் நினைவுகூருவோம்.

அந்த நினைவு நம் செயலிலும் வெளிப்பட வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்க்கும், கொத்தனார்க்கும், நிலத்தில் களை பறிக்கிறவர்க்கும், "சில்லறை இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று நம்மில் எவரும் சொல்லாதிருப்போமாக. நம் ஆலயத்தின் பழுதுபார்க்கும் பணிக்கு வருகிறவர்களுக்கும் மாலை வேளையிலேயே கணக்கைத் தீர்த்துவிட வேண்டுமென்று சபைக் கமிட்டியாரையும் கேட்டுக்கொள்கிறேன். தேனும் சாமையும் கொண்டுவரும் மலைவாழ் மக்களிடம் பேரம் பேசி விலையைக் குறைக்காதீர்கள். கடையில் ஒட்டப்பட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிற நாம், பாறையில் ஏறித் தேன் எடுத்தவரிடம் மட்டும் வாதாடுவது முறையன்று. வெயிலில் உழைக்கிறவர்க்கு நாம் பருகும் அதே குளிர்தேநீரை அதே குவளையில் கொடுங்கள். சிறியரில் ஒருவர்க்குக் கொடுக்கும் ஒரு கலசம் தண்ணீரையும் நம் ஆண்டவர் மறப்பதில்லை.

நீதியின் தேவனே, எங்கள் கைகளில் தங்கியிருக்கும் பிறருடைய கூலியை எங்களுக்குக் காண்பியும். இன்று பொழுது சாயுமுன் அதைக் கொடுத்துவிடும் மனதை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.